வலது காதுப் பக்கம்

17

"அந்தப் பையில என்னம்மா?"

"சட்டை."

"ஒரு சட்டைக்கு இவ்வளவு பெரிய பையா?"

"மூணு சட்டை. ஒண்ணு பழைய அளவு. ஒண்ணு ஒரு அங்குலம் பிடிச்சது. இன்னொண்ணு ரெண்டு அங்குலம் பிடிச்சது."

மகள் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. நீதிமன்றக் கதவு திறக்க இன்னும் அரைமணி இருந்தது. வாசலில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் பையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

துணி திருத்தும் கடையில் இருபது வருடமாக ஊரார் உடம்பையெல்லாம் நாடா வைத்து அளந்தவள் அம்மா. தன் கணவரை மட்டும் இருபத்தெட்டு மாதமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்று தோன்றும்.

"இன்னைக்கே விட்டுடுவாங்கன்னு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலை. சட்டை கையில இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

அப்பா சலவை ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். ஒரு மதியம் பாய்லரில் தண்ணீர் வற்றிக் குழாய் வெடித்தது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் நீராவியில் வெந்து மூன்றாம் நாள் இறந்துபோனாள். தண்ணீர் குறைந்ததும் அபாய மணி அடித்தது, அதைக் கேட்டும் அப்பா அசையவில்லை என்று வழக்கு. ஐந்து வருடம் தண்டனை.

விசாரணை முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. நீதிபதி ஒன்பது கேள்விகள் கேட்டார். ஒன்பதுக்கும் அப்பா சொன்ன பதில் ஒன்றுதான்.

'வக்கீல் இல்லாமல் வழக்கை நடத்தச் சம்மதமா?'

"சரிங்க."

'அபாய மணி அடித்தது உமக்குக் கேட்டதா?'

"சரிங்க."

எழுத்தர் ஒன்பது இடத்திலும் 'ஆம்' என்று எழுதிக்கொண்டார். ஆலையில் அப்பாவுக்குப் பெயரே 'சரிங்க அண்ணன்' என்பது, பாவம், அந்த எழுத்தருக்கு எப்படித் தெரியும்?

மகளுக்குக் கால் சென்டரில் வேலை. ஒரு நாளைக்கு நூறு தடவை 'நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?' என்று கேட்பவள். விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டபோது அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். கேள்வி முடிவதற்கு முன்பே அப்பா 'சரிங்க' என்கிறார். ஒரு இடத்தில் நீதிபதி இருமுகிறார். அதற்கும் 'சரிங்க' என்கிறார். சிறை மருத்துவர் சோதித்து எழுதிக் கொடுத்தார்: இடது காது அறவே போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இலவச சட்ட உதவி வக்கீல் மேல்முறையீடு செய்தார்.

பாய்லர் வெடித்ததில் காது போயிருக்கிறது என்று வக்கீல் நினைத்தார். படிப்பு, வேலை என்று பல வருடமாக வெளியூரில் இருக்கும் மகளும் அப்படித்தான் நினைத்தாள். அம்மா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

கதவு திறந்தது.

*

எதிர்வரிசையில் வழக்கம்போல டிரைவர் வந்து உட்கார்ந்தார். இறந்துபோன பெண்ணின் கணவர். பஸ் ஓட்டுகிறவர், மேல்முறையீட்டின் ஒவ்வொரு அமர்வுக்கும் இரண்டு டிரிப்புக்கு நடுவில் சீருடையோடே வந்துவிடுவார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா மனத்துக்குள் அவருக்கும் சேர்த்து ஒரு வரி வேண்டிக்கொள்வாள். அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நீதிபதி அம்மையார் மெல்லிய குரலில் தீர்ப்பைப் படித்தார். மகள் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"இவர் குற்றம் செய்தாரா, இல்லையா என்பதை இந்த நீதிமன்றம் இன்று சொல்லவில்லை. இவரிடம் ஒன்பது கேள்விகள் கேட்கப்பட்டன. ஒன்றுகூட இவர் காதில் விழவில்லை. இவருக்கு எதிராக ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் விழவில்லை. தன் மீது என்ன சொல்லப்படுகிறது என்பதை அறியாத ஒருவரை உட்கார வைத்து நடத்தியதை விசாரணை என்று ஏற்க முடியாது. குற்றவாளிக்கும் அந்த உரிமை உண்டு. தண்டனை ரத்து செய்யப்படுகிறது. வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்பட வேண்டும்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து இறுக்கினாள். அம்மாவுக்கு 'ரத்து' என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. கடவுளே, கடவுளே என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வெளியே வராந்தாவில் வக்கீல் வேகமாக வந்தார். சின்ன வயதுப் பெண், சின்ன உருவம். கோட்டுக் கை நீளமாக இருக்கிறதென்று போன மாதம் அம்மாதான் அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"அம்மா, ஜெயிச்சுட்டோம். ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. நிதானமாக் கேளுங்க. அரசு வக்கீல் ஒரு வழி சொல்றாரு. இன்னைக்கு மூணு மணிக்குக் கீழ்க் கோர்ட்ல உங்க வீட்டுக்காரர் குற்றத்தை ஒப்புக்கிட்டா, இதுவரைக்கும் இருந்ததே போதும்னு விட்டுடலாமாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

"ஒப்புக்கலைன்னா?" என்றாள் மகள்.

"புது விசாரணை. அடுத்த வியாழன் ஜாமீன் கேப்போம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விசாரணை முடிய ஒரு வருஷம்கூட ஆகும்."

"எங்கப்பா ஏன் செய்யாததை ஒப்புக்கணும்? அதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?"

"நான் ஒப்புக்கச் சொல்லலைம்மா. முடிவு அவரோடது. இந்தத் தடவையாவது எல்லாம் அவர் காதுல விழணும், அவ்வளவுதான். அம்மா, நீங்க பேசினா அவருக்குப் புரியும். பத்து நிமிஷம் வாங்கியிருக்கேன். ஒருத்தர்தான் உள்ள போகலாம்."

அம்மா பையை எடுத்துக்கொண்டாள்.

*

கீழ்த்தளத்தில் கைதிகளை உட்கார வைக்கும் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தலைக்குமேல் கடகடவென்று ஓடும் மின்விசிறி. கண்ணாடித் தடுப்பு இல்லை. அதுதான் அம்மாவை வாசலிலேயே ஒரு கணம் நிறுத்திவிட்டது.

அப்பா எழுந்து நின்றார்.

"மெலிஞ்சுட்டீங்க," என்றாள். மூன்றாவது சட்டைதான் சரியாக இருக்கும் என்று கண் சொன்னது.

அவர் காதைச் சாய்த்தார். மின்விசிறியின் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. அம்மா நாற்காலியை அவருடைய வலது பக்கமாக நகர்த்தப் போனாள். சட்டென்று காவலரைப் பார்த்தாள். எதிரெதிரேதான் உட்கார வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது.

காவலர் போய் மின்விசிறியை நிறுத்தினார். நல்ல வெயில் காலம். அவருக்கே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு, "நாற்காலியைப் போட்டுக்குங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றார். இப்படிப்பட்டவர்கள் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பதால்தான் உலகம் இன்னும் வாழத் தகுந்ததாக இருக்கிறது.

"மெலிஞ்சுட்டீங்கன்னு சொன்னேன்."

"நீ குண்டாயிட்டே."

"பொய்."

"பொய்தான். கோர்ட்டுக்குள்ள சொல்லக்கூடாதோ?"

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாப்பா வந்திருக்காளா?"

"மேல நிக்கிறா. தண்டனை ரத்தாயிடுச்சுங்க."

"என்னது?"

"ரத்து. தண்டனை. ரத்து."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா காத்திருந்தாள். பிறகு அரசு வக்கீல் சொன்ன வழியைச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, அவருடைய வலது காதில் வைத்தாள். வக்கீல் கொடுத்த தாளை மேசைமேல் விரித்தாள்.

அவர் விரல் வைத்துப் படித்தார். 'அபாய மணி அடித்தது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் அலட்சியமாக இருந்துவிட்டேன்.' விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"போன மாசம் வக்கீலம்மா வழக்குக் கட்டு மொத்தத்தையும் படிக்கக் குடுத்தாங்க," என்றார். "அஞ்சு பேர் சொல்லியிருக்காங்க. மணி நாலு நிமிஷம் அடிச்சுதாம்."

அம்மா தாளின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"நான் மணி ரிப்பேர்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்? ரெண்டு வருஷமா ஜெயில்ல உக்காந்து அந்த மணியைத் திட்டிட்டிருந்தேன். பாய்லருக்குப் பின்னால பம்ப்பைப் பாத்துட்டிருந்தேன், மணி அடிச்சா ஓடிப்போய்த் தண்ணியைத் திறக்கலாம்னுதான். அடிச்சிருக்கு. அது பாவம், அது வேலையை அது செஞ்சிருக்கு."

"என்னங்க..."

"நீ அன்னைக்குக் கோர்ட்ல பின்வரிசையில இருந்தியே. அவங்க சொன்னது உனக்குக் கேட்டிருக்குமே."

"கேட்டுது."

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? மாசம் ஒரு தடவை, அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க. கையைக்கூடப் பிடிக்க முடியாத இடத்துல வச்சு, அந்தப் பொண்ணு செத்தது உங்க காதாலதான்னு எந்த வாயால சொல்றது?"

கதவோரம் நின்ற காவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அந்தக் காது வெடிப்பில் போனதில்லை. அதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டது. பாய்லர் அறை இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஆலையில் வருடத்துக்கு ஒருமுறை காதுச் சோதனை உண்டு. நர்ஸ் பின்னால் நின்று பத்து வார்த்தைகளை மெதுவாகச் சொல்வாள். ஆபரேட்டர் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருநாள் அந்த நர்ஸ் தன் வெள்ளைக் கோட்டைத் திருத்தக் கொடுத்தாள். பாக்கெட்டில் ஒரு அட்டை. மலை, விளக்கு, பாலம், கதவு, நிழல் என்று பத்து வார்த்தைகள். அம்மா அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, அட்டையைப் பத்திரமாகத் திரும்ப வைத்தாள்.

வருடா வருடம் அதே பத்து, அதே வரிசை. பின்னால் முனகல் கேட்கும்போதெல்லாம் அடுத்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதுதான். சோதனைக்கு முந்தின சாயங்காலம் சமையலறையில் அம்மா கேட்பாள், அப்பா ஒப்பிப்பார். ஒருமுறை 'பாலம்' என்பதற்குப் பதில் 'பல்லி' என்று சொல்லிவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வேலை போய்விடக் கூடாது என்ற நினைப்பு மட்டும்தான். யாருக்கும் கெடுதல் செய்வதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பெரும்பாலான தவறுகள் அப்படித்தான், நம் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது தவறுபோலவே இருக்காது.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்க," என்றாள் அம்மா. இத்தனை நாள் அடக்கி வைத்த குரல் உடைந்தது. "யாராவது கதவைத் தட்டினா இன்னும் நீங்கதான்னு எந்திரிக்கிறேன். நீங்க என்னைக்குமே தட்டினதில்லை, உங்ககிட்டச் சாவி இருந்துச்சு. தெரிஞ்சும் எந்திரிக்கிறேன். கடையில யாராவது உங்க அளவுல ஒரு சட்டையைக் கொண்டு வந்தா அதைக் கடைசியாத்தான் தைக்கிறேன், கொஞ்ச நேரம் கையில இருக்கட்டும்னு. எனக்கு முடியலைங்க."

"நீ சொன்னாப் போடறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாத்தான். ஆனா ஒண்ணு. கேட்டும் சும்மா நின்னேன்னு நான் எழுதிக் குடுத்துட்டா, அந்த டிரைவர் சாகுற வரைக்கும் அப்படித்தானே நெனப்பாரு? என் பொண்டாட்டி அங்க வேகுறா, ஒருத்தன் மணியைக் கேட்டுக்கிட்டு மரமா நின்னான்னு. நான் தப்புப் பண்ணினவன்தான். கேக்காத காதை வச்சுக்கிட்டுக் கேக்குதுன்னு சொன்னவன். அதுக்கு எத்தனை வருஷம் குடுத்தாலும் இருக்கேன். இது மட்டும் நான் செய்யலை."

"அந்த ஒரு வரிக்காகவா?"

"ஆமா. அந்த ஒரு வரிதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதாக அவர் நினைத்துக்கொண்டார். அறை முழுக்கக் கேட்டது. "உன் பேரை இழுக்க மாட்டேன். பத்து வார்த்தையும் நானாத்தான் படிச்சேன்னு சொல்லிடறேன்."

"அந்தப் பொய் மட்டும் இனிக்குமா?"

"ரெண்டு நிமிஷம்மா," என்றார் காவலர்.

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். அதன் அடியில் கையெழுத்துக்காக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்று சாயங்காலம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு இரண்டு இருந்தது. வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"பேனா இருக்கா?" என்று கேட்டார் அப்பா.

அவள் கைப்பையில் எப்போதும் இரண்டு பேனாவும் ஒரு சுண்ணாம்புக்கட்டியும் இருக்கும். இருபது வருடப் பழக்கம்.

"இல்லைங்க," என்றாள்.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். சட்டைகளை எடுத்து மேசைமேல் வைக்கப் போனாள், பிறகு வைக்கவில்லை.

*

மூன்று மணிக்கு அப்பாவை வலது பக்கமாகத் திருப்பி நிற்க வைத்து, வக்கீல் அவர் காதருகே நின்று நீதிபதியின் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"இல்லைங்க. புது விசாரணையில நானே எல்லாத்தையும் சொல்லிக்கிறேன்."

எழுத்தர் பேனாவை நிறுத்தி ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். வியாழக்கிழமைக்கு ஜாமீன் மனு. அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவருகே அவர் திரும்பினார். அம்மா கையைத் தூக்கினாள். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

வராந்தாவில் மகள் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் பெருமை.

"பாத்தியாம்மா? வீட்டுக்கு வரலாம்னு ஆசை காட்டினாக்கூட எங்கப்பா செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல மாட்டாரு. அந்த மணி அடிச்சே இருக்காது, நான் பந்தயம் கட்டுவேன். அந்த அஞ்சு பேரும் ஆலைக்காரங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்லியிருக்காங்க. விசாரணை வரட்டும், கிழிச்சுத் தொங்க விடறேன்."

ஒரு குழந்தையிடமிருந்து பொம்மையை வாங்குவதைவிடப் பெருமையை வாங்குவது கஷ்டம்.

வக்கீல் கோப்புகளை அணைத்துக்கொண்டு வந்தார். "அம்மா, வியாழக்கிழமை வரைக்கும் வழக்கைப் பத்தி வெளியில ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்காதீங்க. நீங்க எதைச் சொன்னாலும் சாட்சியா வந்து நிக்கும். ஜாமீனே கிடைக்காமப் போயிடும். புரியுதா?"

"புரியுதும்மா."

அவர் அடுத்த வழக்குக்கு ஓடினார். மகள் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

படிக்கட்டுக்குப் பக்கத்து மரப்பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்தார். இருபத்தெட்டு மாதத்தில் முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் பார்த்தால் இவ்வளவு சின்ன வயதா?

"ஒண்ணு கேக்கலாங்களா?"

மகள் முன்னால் வந்தாள். "வக்கீல் யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு..."

"உங்களைத் திட்ட வரலைம்மா. சண்டைக்கும் வரலை." அவர் அம்மாவையே பார்த்தார். "அரசு வக்கீல் சொன்னாரு, இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கலாமே அவரு. ஏன் வேணாம்னாரு? எனக்கு அது புரியலை. புரியாம பஸ் எடுக்க முடியலை. நாலு நிமிஷம் மணி அடிச்சுதுன்னு சொன்னாங்க. நான் தினம் ஒரு சிக்னல்ல நாலு நிமிஷம் நிக்கிறேன். எவ்வளவு நேரம் அதுன்னு எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் எப்படிச் சும்மா நின்னாரு? அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லலை."

அம்மா வியாழக்கிழமையை நினைத்தாள். கதவு தட்டும் சத்தத்தை நினைத்தாள். மகளின் விரல்கள் தன் விரல்களுக்குள் சூடாக இருப்பதை உணர்ந்தாள். ஆண்டவனே, இதை ஒரு நல்ல நேரத்தில் சொல்லும்படி வைத்திருக்கக் கூடாதா?

"உக்காருங்க தம்பி," என்றாள். தானும் உட்கார்ந்தாள். "மணி அடிச்சுது. நாலு நிமிஷமும் அடிச்சுது. அவருக்குக் கேக்கலை."

"வெடிச்சப்பறம்தானே காது..."

"இல்லை. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே போயிடுச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நான் அவரை வேலைக்கு அனுப்பிட்டிருந்தேன்."

மகளின் கை அம்மாவின் கையிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

மேலே எங்கோ ஒரு வழக்குக்குப் பெயர் கூப்பிட்டார்கள். டிரைவரின் கைபேசி அடித்தது. எடுத்தார். "நான்தான்... நாலரை வண்டியை வேற ஆளை எடுக்கச் சொல்லுங்க. எவ்வளவு நேரமாகும்னு தெரியலை." வைத்துவிட்டார்.

அவர் முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று அம்மாவால் அளக்க முடியவில்லை. அவர் மகளைப் பார்த்தார். அவள் சுவரோடு சாய்ந்து, அம்மாவைப் புதிதாகப் பார்க்கிறவள்போல நின்றிருந்தாள். அவர் பெஞ்சில் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்.

"நீயும் உக்காரும்மா," என்றார். "உனக்கும் இது இப்பதான் தெரியும்போல."